மகளுக்கு மறுத்த ஏழு நாள்கள்

பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரிடம், அதே நிலையில் இருக்கும் பெற்றோராக எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். இதில் எங்களுக்குப் பெருமை ஏதுமில்லை. நாங்கள் செய்த ஒரு தவறும், அல்லாஹ்வின் அருளால் அதைத் திருத்திக்கொள்ளக் கிடைத்த வாய்ப்புமே இதில் உள்ளன.

எங்கள் மகள் கல்லூரியில் முதலாமாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு படிவத்தைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தாள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமில் அவள் கலந்துகொள்ளப் பெற்றோர் ஒப்புதல் அளிக்கும் படிவம் அது. பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, பள்ளி வளாகத்தைத் தூய்மைப்படுத்துவது, வீடு வீடாகச் சென்று நலவாழ்வுக் கணக்கெடுப்பது, மாலையில் அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது ஆகியவை பணிகள். உடன் பேராசிரியைகள் தங்குவார்கள் என்றும் எழுதியிருந்தது.

நாங்கள் கையெழுத்திடவில்லை. எங்களில் ஒருவர் பாதுகாப்பைக் காரணம் காட்டினார். மற்றவர், ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றார். மகள் வாதாடவில்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்: “வாப்பா, காக்காவைப் பதினெட்டு வயசுல சென்னைக்குத் தனியா அனுப்புனீங்களே, அப்ப யாரும் ஒண்ணும் சொல்லலையா?” அதற்கு எங்களிடம் விடை இல்லை. படிவம் அலமாரியில் ஒரு புத்தகத்தின் அடியில் கிடந்தது. முகாம் முடிந்தும் போயிற்று.

நாட்டு நலப்பணித் திட்டம் பற்றி அன்று நாங்கள் அறிந்திருந்தது மிகக் குறைவு. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு தொடங்கப்பட்ட திட்டம் அது. அதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் ஈராண்டுகளில் 240 மணி நேரம் சமூகப் பணி ஆற்ற வேண்டும். அந்த ஈராண்டுகளுக்குள் ஒரு முறை ஏழு நாள் முகாமிலும் பங்கேற்க வேண்டும். ஆண்டுக்கு 120 மணி நேரம் என்பது வாரத்திற்கு இரண்டரை மணி நேரம்கூட இல்லை. படிப்புக் கெட்டுவிடும் என்று நாங்கள் அஞ்சியது, கணக்குப் போட்டுப் பார்க்காமல் அஞ்சிய அச்சம்.

முகாமுக்குப் போகாவிட்டாலும் வார இறுதிப் பணிகளை அவள் விடவில்லை. தன் தெருவைத் தானே கணக்கெடுக்கும் பயிற்சி ஒன்று அவர்களுக்குத் தரப்பட்டிருந்தது. நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றில் வீட்டுக்கு வீடு எத்தனை பேர், முதியவர் உண்டா, நடக்க இயலாதவர் உண்டா, நாள்தோறும் மருந்து உண்பவர் உண்டா, கைக்குழந்தை உண்டா என்று தோழியர் மூவருடன் சேர்ந்து எழுதிவந்தாள். “என்னம்மா, குடிமதிப்புக் கணக்கு எடுக்க உன்னை நியமிச்சுட்டாங்களா?” என்று நாங்கள் கேலி பேசினோம். அவளும் சிரித்துக்கொண்டாள்.

அந்த ஆண்டு டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மழை தொடங்கியது. காயல்பட்டினத்தார் எவரும் அந்த மழையை மறக்க மாட்டார்கள். 18ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நம் ஊரில் பதிவான மழை 946 மில்லிமீட்டர். நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அது அதிகம். மின்சாரம் நின்றது. கைப்பேசிகள் ஊமையாயின. குளங்கள் உடைந்தும் சாலைகள் அறுந்தும் ஊர் தனித்துப்போயிற்று. எங்கள் வீட்டில் ஸுபுஹுக்கு முன்பே கூடத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. குர்ஆன் பிரதிகளையும் அரிசி மூட்டையையும் மாடிக்கு ஏற்றிவிட்டு, இருட்டில் மழையின் இரைச்சலைக் கேட்டபடி துஆ செய்துகொண்டிருந்தோம். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகன் இரண்டு நாள்களாக எங்களைத் தொடர்புகொள்ள முயன்று, முடியாமல் அழுதானாம். பிறகுதான் அறிந்தோம்.

நம் தெரு இளைஞர்கள் அன்று செய்த பணியை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. விடுமுறைக்கு ஊர் வந்திருந்த கல்லூரி மாணவர்களும் அவர்களில் இருந்தனர். இடுப்பளவு நீரில் நின்று முதியவர்களைத் தூக்கிவந்தார்கள். கல்யாணக் களறிக்குச் சோறாக்கும் பெரிய சட்டிகளை மேடான ஓர் இடத்தில் ஏற்றிக் கஞ்சி காய்ச்சினார்கள். யார் வீடு, எந்த ஜமாஅத், என்ன மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இவை யாவும் எல்லோரும் கண்ட காட்சிகள். நாங்கள் சொல்ல வந்தது, அவ்வளவாகக் கண்ணில் படாத வேறொன்றை.

இளைஞர்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, “என்ன வேணும், சொல்லுங்க” என்று குரல் கொடுத்தார்கள். பல வீடுகளில் ஆண்கள் இல்லை. வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருந்தார்கள். உள்ளிருந்து பெண்கள், “ஒண்ணும் வேண்டாம் தம்பி, சாப்பாடு மட்டும் போதும்” என்றார்கள். தம்பிகளும் சாப்பாட்டைத் தந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். இரு தரப்பிலும் குறையில்லை. அவர்கள் நாணத்தோடு பதில் சொன்னார்கள். இவர்கள் கண்ணியத்தோடு நகர்ந்தார்கள்.

எங்கள் மகளோ மாடியில் அந்த நீல நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, “உம்மா, நான் மூணு வீடு தள்ளிப் போய்ட்டு வர்றேன்” என்றாள். தெருவில் தண்ணீர், ஆனால் வீடுகள் ஒட்டியிருக்கும் நம் தெருக்களில் மொட்டைமாடி வழியாகவும் பெண்கள் புழங்கும் முடுக்கு வழியாகவும் வீட்டுக்கு வீடு போய்வர முடியும் என்பது நாம் அறிந்ததே. தடுக்க வாய் திறந்தோம். அவள் முகத்தைப் பார்த்த பின், எங்களில் ஒருவர் அவளோடு சேர்ந்து நடந்தோம்.

“ஒண்ணும் வேண்டாம்” என்று சொன்ன அதே வீடுகளில் என்னென்ன வேண்டியிருந்தன என்பதை அன்றுதான் கண்டோம். ஒரு வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, வலி தொடங்கியதா இல்லையா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு வீட்டில் பால்மாவு தீர்ந்து, கைக்குழந்தைக்குச் சீனித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூதாட்டியின் இன்சுலின் மருந்து, மின்சாரம் இல்லாத குளிர்பெட்டியில் வெதுவெதுப்பாகிக் கொண்டிருந்தது. பருவமடைந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் மாதவிலக்குக்கான அணையாடைகள் இல்லை. இதை எந்தத் தம்பியிடம் எந்தப் பெண் வாய்விட்டுக் கேட்பாள்?

மகள் இன்சுலின் குப்பிகளை உறையில் இட்டு, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைக்கச் செய்தாள்; முதலுதவிப் பயிற்சியில் கற்றதாம். வீடுவாரியாக வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதினாள். பெண்களுக்கானவற்றைப் பெயர் குறிப்பிடாமல், “பெண்கள் பை – எட்டு வீடு” என்று மட்டும் எழுதி மாடியிலிருந்து இளைஞர்களிடம் இறக்கினாள். கர்ப்பிணி இருந்த வீட்டின் எண்ணைத் தாளின் தலையில் எழுதி அடிக்கோடிட்டிருந்தாள். அன்று மாலையே அந்தப் பெண்ணைக் கட்டிலோடு தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தார்கள். தாயும் சேயும் நலம், அல்ஹம்துலில்லாஹ்.

அந்த நாள்களில் நம் மாவட்டத்தில் வேறோர் அழகிய காட்சியும் நிகழ்ந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி, ஸ்ரீவைகுண்டத்தில் ஏறக்குறைய 800 பயணிகளோடு வெள்ளத்தில் சிக்கிக்கொண்டது. அருகிலுள்ள புதுக்குடி ஊர் மக்கள், தங்களுக்கே பற்றாக்குறை இருந்தும், கையில் இருந்ததைக் கொண்டு சமைத்து அந்தப் பயணிகளின் பசியாற்றினார்கள். முன்பின் அறியாதவருக்கு உதவும் பண்பு எல்லாச் சமயத்து மக்களிடமும் அல்லாஹ் வைத்திருக்கும் அமானிதம் என்று அப்போது பேசிக்கொண்டோம்.

தண்ணீர் வடிந்தது. விடுமுறை முடிந்து இளைஞர்கள் சென்னைக்கும் திருச்சிக்கும் வெளிநாடுகளுக்கும் திரும்பினார்கள். ஓரிரவு சேறு கழுவிய கூடத்தில் அமர்ந்து யோசித்தபோதுதான், எங்களுக்கு இதுவரை தோன்றாத ஓர் உண்மை தோன்றியது.

நம் ஊரின் வழக்கம் என்ன? ஆண்பிள்ளைகள் பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து போகிறார்கள். இலங்கைக்கும் ஹாங்காங்குக்கும் வளைகுடாவுக்குமாக இது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. பெண்பிள்ளைகளுக்கோ வீடு கொடுத்து, மணமான பின்னும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கே வந்துபோகிறார். அப்படியானால், இந்த ஊரின் நிலையான குடிமக்கள் யார்? மகனுக்கு ஊர் என்பது விடுமுறைக்கு வந்துபோகும் இடம். பெரும்பாலான மகள்களுக்கு, பிறந்து வளர்ந்து முதுமையடையும் இடம் அது. தெருவில் எந்த வீட்டில் யார் நோயாளி என்பதும், எந்த மழைக்கு எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்பதும் அவர்களுக்கே தெரியும். ஊரைப் பேணும் கல்வி ஒன்று உண்டென்றால், அதை முதலில் பெற வேண்டியவர்கள் அவர்கள் அல்லவா? நாங்களோ போகிறவனுக்கு எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, இருக்கிறவளுக்கு ஏழு நாள் முகாமை மறுத்திருந்தோம்.

இதில் மார்க்கம் எங்கே நிற்கிறது என்ற கேள்வி எங்களுக்கும் இருந்தது. சீராவை மீண்டும் எடுத்துப் படித்தோம். நுபுவ்வத்துக்கு முன், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ இருபது வயதினராய் இருந்த காலம். மக்காவுக்கு வந்த யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிய செல்வாக்குள்ள மனிதர் ஒருவர், விலையைத் தர மறுத்தார். வணிகருக்கு அந்நகரில் குலமோ துணையோ இல்லை. குறைஷிக் குலத்தார் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் இல்லத்தில் கூடி, அநீதிக்குள்ளானவர் உள்ளூராராயினும் வெளியூராராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்று அழைக்கப்படும் அவ்வுடன்படிக்கையில் நபிகளாரும் பங்குகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னும் அதை மகிழ்வோடு நினைவுகூர்ந்து, அப்படியொன்றுக்கு இன்று அழைக்கப்பட்டாலும் உடன்படுவேன் என்ற கருத்தில் கூறினார்கள்.

கல்லூரி மாணவரின் வயதில், பல குலத்தாரோடு அமர்ந்து, முன்பின் அறியாத ஒருவரின் உரிமைக்காகக் கைகோத்த வரலாறு இது. பசித்தவருக்குச் சோறிடுவது பற்றி நாம் மிகுதியாகப் பேசுகிறோம், செய்கிறோம். ஊரின் பொதுக் காரியத்தில் முறைப்படி அமர்ந்து பேசுவதும் அதே நபிவழியின் பகுதி என்பதைக் குறைவாகவே பேசுகிறோம். பெண்களின் பங்கும் நமக்குப் புதிதன்று. மதீனாவில் காயமுற்றோருக்கு மருத்துவப் பணி செய்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம், மஸ்ஜிதுந் நபவியிலேயே அமைக்கப்பட்டிருந்தது.

அடுத்த ஆண்டு முகாம் அறிவிக்கப்பட்டபோது மகள் எங்களிடம் கேட்கவில்லை. மறுப்போம் என்று முடிவுகட்டியிருந்தாள். நாங்களே கேட்டு வாங்கினோம் அந்தப் படிவத்தை. அச்சம் முழுதும் நீங்கிவிட்டதென்று சொல்ல மாட்டோம். ஆலிம் பெருந்தகை ஒருவரிடம் ஆலோசனை கேட்டோம். அவர் விடை சொல்லும் முன் கேள்விகள் கேட்டார்: எவ்வளவு தொலைவு? எங்கே தங்குகிறார்கள்? உடன் தங்கும் பொறுப்பாளர்கள் யார்? தொழுகைக்கு வசதி உண்டா? நீங்கள் போய்ப் பார்த்தீர்களா? கடைசிக் கேள்விக்குத்தான் எங்கள் தலை கவிழ்ந்தது. போய்ப் பார்க்காமலேயே மறுத்த முந்தைய ஆண்டு நினைவுக்கு வந்தது.

இம்முறை போய்ப் பார்த்தோம். தாமிரபரணிக் கரையில், அதே வெள்ளத்தில் வயலும் மாடும் இழந்த ஒரு சிற்றூர். பெண்கள் தங்குவதற்குத் தனிக் கட்டடம். இரவில் பேராசிரியைகள் இருவர் உடனிருந்தார்கள். முகாமின் நான்காம் நாள் மீண்டும் சென்றபோது, மகள் சில முதிய பெண்களோடு தரையில் அமர்ந்து, வெள்ளத்தில் நனைந்து போன குடும்ப அட்டைகளுக்கு மாற்று அட்டை பெற விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். அவ்வூர்ப் பாட்டி ஒருவர் எங்களைப் பார்த்து, “உங்க புள்ளையா? எம்பேரை எழுத்துப் பிழையில்லாம எழுதுன முதல் ஆளு இவதான்” என்றார். அந்தப் பாட்டி இதுவரை எத்தனை மேசைகள் முன் நின்றிருப்பார் என்று எண்ணியபடி வீடு திரும்பினோம்.

முகாமிலிருந்து வந்த பின், எங்கள் தெருவில் மட்டும் தண்ணீர் ஏன் அத்தனை நாள் நின்றது என்று மகளும் தோழியரும் ஆராயத் தொடங்கினார்கள். மழைநீர் போகும் வழியை நடந்தே பார்த்தார்கள். வழியை அடைத்திருந்தவற்றில் பாதி, நாமே கொட்டிய கட்டட இடிபாடுகளும் நெகிழிப் பைகளும். எங்கள் வீட்டுப் பழைய குளியலறையை இடித்த ஓடுகளும் அங்கே கிடந்தன. பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள். வெட்கத்தோடு ஆள் வைத்து அள்ளினோம். அக்கம்பக்கத்தாரும் சேர்ந்துகொண்டார்கள்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இத்தகைய பணிக்கான வாசல்கள் பல திறந்தே இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்டம் அவற்றில் ஒன்று. 18 வயது நிரம்பி, உடல்நலமும் குறைந்தது 45 கிலோ எடையும் உள்ளவர்கள் குருதிக்கொடை அளிக்கலாம். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக்கொடுக்கலாம். 17 வயது முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் சேர முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். தம் தெருவில் விடுபட்டவர்களுக்குப் படிவம் நிரப்பிக்கொடுக்கலாம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘ஆப்தா மித்ரா’ திட்டம் நாடெங்கும் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களைப் பயிற்றுவிக்கும் இலக்கோடு விரிவுபடுத்தப்பட்டது; அத்தகைய பயிற்சி கிடைக்கும்போது நம் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் முன்வரிசையில் நிற்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்தால் பொதுவாக 30 நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். நகர்ப்புறங்களில் பகுதிசபைக் கூட்டம் என்ற ஏற்பாடும் 2022 முதல் தமிழ்நாட்டில் வந்திருக்கிறது. அங்கே எழுந்து பேச எந்தப் பட்டமும் தேவையில்லை. தன் தெருவை அறிந்திருந்தால் போதும். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடங்களைத் தமிழகச் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. நம் ஊரே 2011ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரு பெண்ணை நகர்மன்றத் தலைவராகக் கண்ட ஊர்தான்.

பெற்றோரே, உங்கள் அச்சத்தை நாங்கள் குறை கூறவில்லை. அது அன்பிலிருந்து வருவது. ஆனால் மறுக்கும் முன் போய்ப் பாருங்கள். பொறுப்பாளர்களிடம் பேசுங்கள். குறை இருந்தால் சரிசெய்யச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வேறொரு பணியைத் தேடிக்கொடுங்கள். மகனை வெளியூர் அனுப்பும்போது எவ்வளவு யோசித்தோமோ, எவ்வளவு தவக்குல் வைத்தோமோ, அதே யோசனையும் தவக்குலும் மகளுக்கும் உரியவை.

அந்த நீல நோட்டு இப்போது எங்கள் வீட்டு அலமாரியில், கைக்கெட்டும் தட்டில் இருக்கிறது. வெள்ளத்தில் அதன் ஓரங்கள் நனைந்து நெளிந்துவிட்டன. ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மகளும் தோழியரும் அதைத் திருத்துகிறார்கள்: இறந்தவர்களின் பெயர்களை அடித்து, பிறந்தவர்களின் பெயர்களைச் சேர்க்கிறார்கள். இந்த ஆண்டு அதில் ஒரு புதுப் பெயரை நாங்களே பார்த்தோம். வெள்ளத்தின்போது கட்டிலோடு தூக்கிச் செல்லப்பட்ட பெண்ணின் குழந்தை இப்போது ஓடியாடி விளையாடுகிறது. “கைக்குழந்தை” என்ற கட்டத்திலிருந்து அதன் பெயரை அடித்து, அதன் தம்பியின் பெயரை எழுதியிருக்கிறாள்.

நம் பிள்ளைகளைப் பிறருக்குப் பயனுள்ளவர்களாக ஆக்குவானாக. அவர்கள் நன்மையின் பக்கம் நடக்கும்போது நாமே அவர்களுக்குத் தடையாகிவிடாமல் காப்பானாக. ஆமீன்.